மூன்று புள்ளி டயர்

அக்டோபர் 3, வியாழன்

மீட்டர் 61,408. பின் டயர் முடிந்தது. ஒரு ரூபாய் நாணயத்தை டயரின் கோட்டுக்குள் நிறுத்திப் பார்த்தேன். நிற்கப் பள்ளமே இல்லை, கீழே விழுந்தது. போட்டு இருபத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஆகிறது. இந்தப் போடியில் வேறு யாருடைய பின் டயராவது இருபத்தெட்டாயிரம் உழைத்திருந்தால் என்னிடம் கொண்டுவந்து காட்டட்டும். வாரம் ஒருமுறை காற்று, வெயிலில் நிறுத்துவதில்லை, பிரேக்கை மிதித்து மிதித்து ஓட்டுவதில்லை. ரகசியம் அவ்வளவுதான்.

இன்று ஐந்து வீடு. நான்கில் தண்ணீர் மிஷினுக்கு ஃபில்டர் மாற்றினேன். ஒன்றில் மாற்ற மாட்டேன் என்றார்கள். திட்டிவிட்டு வந்தேன்.

நான் எழுதுவதை எட்டிப் பார்த்த அமுதவல்லி, "டயரப் பத்தி இம்புட்டு எழுதுறீங்க. கட்டுன பொண்டாட்டியப் பத்தி ஒரு வரி உண்டா?" என்றாள்.

அமுதவல்லி நலம்.

அக்டோபர் 5, சனி

விலை விசாரித்தேன். போடியில் 2,150. தேனி பெரிய கடையில் 2,080, மாட்டும் கூலி தனி. ஆன்லைனில் 1,900. ஆனால் பழைய டயரை யார் எடுத்துக்கொள்வது? தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மொக்கராசு கடையில் 2,000, பழசைக் கொடுத்தால் நானூறு வரை கழிப்பாராம். ஒரு நிபந்தனை, பக்கவாட்டில் காயம் இருக்கக் கூடாது. காயம் இருந்தால் எடைக்குத்தான், நூறு ரூபாய்.

என் டயரில் இடது பக்கம் ஒரு கீறல் உண்டு. தேவாரம் ரோட்டில் சல்லிக்கல் குத்தியது. நகக்கண் அளவு, பெரிதாக ஒன்றுமில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

சக்கரத்தை வீட்டிலேயே கழற்றினேன். கடையில் கழற்றி மாட்ட எண்பது ரூபாய் கேட்பான். எனக்குக் கை இல்லையா?

டயரின் உள்ளே பழைய ட்யூப் துண்டு ஒன்றை வைத்து ஒட்டினேன். வெளியே கொஞ்சம் பசை, காய்ந்ததும் அதன்மேல் ஷூ பாலிஷ். விற்கிற பொருளைத் துடைத்துக் கொடுப்பது மரியாதை.

சக்கரத்தோடு தேனி பஸ் ஏறினேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொன்னார்.

"மடியிலதான வச்சிருக்கேன். மடியில வச்சா பிள்ளைக்கே டிக்கெட் கெடையாதுப்பா."

"அது அஞ்சு வயசுப் பிள்ளைக்குண்ணே. இந்தப் பிள்ளைக்கு மீசையே மொளச்சிருச்சு போல."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் ஏறியது, அவர் மறந்துவிட்டார். பத்து ரூபாய் மிச்சம்.

மொக்கராசு புது டயரை எடுத்து வைத்தார். பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும், பாதிப் பேருக்குத் தெரியாது. 3222 என்று இருந்தது. 2022இல் முப்பத்திரண்டாவது வாரம் செய்தது. "ரெண்டு வருசமா கடையில உறங்குன சரக்கா?" என்றேன். முகம் மாறிப்போய் நூற்றைம்பது குறைத்தார். ரப்பர் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அதுவும் தெரியும்.

பழசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காயம் கீயம் ஏதும் இருக்காண்ணே?"

"நான் ஓட்டுன டயருய்யா" என்றேன்.

அதற்குமேல் பார்க்கவில்லை. நானூறு கழித்தார். ஆக 1,450க்குப் புது டயர். போடியில் வாங்கியிருந்தால் எழுநூறு ரூபாய் போயிருக்கும்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஓட்டிய டயர்தானே.

வீட்டுக்கு வந்ததும் ஆணியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, புது டயரின் ஓரத்தில் வழக்கம்போல மூன்று புள்ளி, முக்கோணமாக. சர்வீஸுக்கு விடுகிற இடத்தில் டயரை மாற்றிவிடுவார்கள், அதற்காக. வீட்டு வாளி, குடை, டிபன் கேரியர், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றிலும் அதே மூன்று புள்ளிதான். "எனக்கும் நெத்தியில ஒண்ணு வச்சு விட்ருங்க" என்கிறாள் அமுதவல்லி.

அக்டோபர் 7, திங்கள்

புது டயர். வண்டி தரையைப் பிடித்துக்கொண்டு போகிறது.

அக்டோபர் 12, சனி

மச்சினன் சுருளிவேல் வந்தான். அமுதவல்லிக்கு ஒரே தம்பி. போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் மேஸ்திரி வேலை. தினமும் பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்குகிறான். என்னிடம் இருக்கிற அதே வண்டிதான் அவனிடமும். நான்தான் வாங்கச் சொன்னேன்.

அவன் பின் டயரும் தேய்ந்துவிட்டதாம். தவணையில் புதுசு போடலாமா என்று கேட்டான்.

"தவணையா? அறிவிருக்கா மாப்ள? தை பொறந்தா வண்டியவே மாத்தப் போறேன்னு சொல்ற. மூணு மாசத்துக்கு எதுக்குப் புதுசு? தேனியில மொக்கராசுன்னு ஒருத்தர் இருக்காரு. என் பேரச் சொல்லு. அரைப் பழசு அறுநூறு எழுநூறுல தருவாரு."

"மலைக்குத் தாங்குமா மாமா?"

"ஓட்டுற கையில இருக்குடா எல்லாம்."

தலையாட்டிக்கொண்டு போனான். சொன்னால் கேட்கிற பிள்ளை. அவனுக்குப் பத்து வயது இருக்கும்போது அவன் அப்பா தவறினார். அன்றிலிருந்து பேனா வாங்குவது முதல் பெண் பார்த்தது வரை என்னைக் கேட்காமல் எதுவும் செய்ததில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

சுருளி ஃபோனில்: "டயர் போட்டாச்சு மாமா. அறநூத்தம்பது." குரலில் ஒரே சந்தோஷம். ஆயிரத்து ஐநூறு மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கிறேன். அமுதவல்லியிடம் சொன்னேன். "தேங்க்ஸுங்க" என்று கும்பிட்டாள். கேலியா நிஜமா என்று தெரியவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளிக்குத் துணி எடுத்துக்கொண்டு சுருளி வந்திருந்தான். அவன் உள்ளே அக்காவுக்குப் புடவையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, என்ன டயர் போட்டிருக்கிறான் பார்க்கலாம் என்று வாசலுக்குப் போனேன்.

கோடு புதிதாக வெட்டியிருந்தது. கத்தியைச் சூடு பண்ணி வழுக்கை டயரில் பள்ளம் கீறுகிற வேலை அது. கீறிவிட்டுக் கறுப்புப் பூசினால் தெரியாதவன் கண்ணுக்குப் பாதிப் புதுசு.

ஓரத்தில் மூன்று புள்ளி இருந்தது.

சக்கரத்தைச் சுற்றி இடது பக்கம் பார்த்தேன். பாலிஷ் நன்றாகத்தான் பிடித்திருக்கிறது.

அக்டோபர் 28, திங்கள்

வேலை அதிகம். எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 29, செவ்வாய்

தேனியில் ஒரு வேலை இருந்தது. வேலை முடிந்து அப்படியே மொக்கராசு கடைக்குப் போனேன். உண்மையில் தேனியில் வேலை எதுவும் இல்லை.

"அந்தப் பழைய டயர் என்னாச்சு?"

"கோடு வெட்டி வித்தாச்சுண்ணே. ஒங்க பேரச் சொல்லி ஒரு தம்பி வந்தாரு. மூணு டயர் எடுத்துப் போட்டேன். இதவிட நல்லதே இருந்துச்சு. அதத் தொட்டுக்கூடப் பாக்கல. இதத்தான் வேணும்னு கையில புடிச்சிக்கிட்டாரு."

சுருளிக்குப் பொருள் பார்க்கத் தெரியாது. அதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

"வெட்டுன டயரு மலைக்கு ஆகுமா?"

"மலைக்கா? ஆகவே ஆகாதுண்ணே. ஊருக்குள்ள ஓட்டலாம். அதுவும் பக்கத்துல காயம் இல்லாம இருந்தா." பஞ்சர் போடுகிற தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார், "ஏண்ணே? அந்தத் தம்பி மலைக்கா ஓட்டுறாரு?"

"சும்மா கேட்டேன்" என்றேன்.

கீறல் நகக்கண் அளவு என்று முன்பு எழுதியிருக்கிறேன். சரியாகச் சொன்னால் ஒரு விரற்கடை இருக்கும். உள்ளே ட்யூப் துண்டு வைத்துத்தான் ஒட்டியிருக்கிறேன். சும்மா விடவில்லை.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

எண்ணெய்க் குளியல், கறிக்குழம்பு, இட்லி. சுருளியும் அவன் மனைவியும் சாப்பிட வந்தார்கள்.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். இட்லி வைக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன், நல்ல நாளும் பொழுதுமாக எதற்கு என்று தோன்றியது. அவன் வண்டியைக் கிளப்பும்போது, "மழைக் காலம், கொஞ்ச நாளைக்கு மலைக்கு பஸ்ல போயேன் மாப்ள" என்றேன்.

"நீங்களா மாமா சொல்றீங்க? பஸ்ஸுக்கு மாசம் எம்புட்டு ஆகும்னு கணக்குப் போட்டுக் குடுத்ததே நீங்கதான?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என்னவென்று சொல்வது? காயத்தை மறைத்து விற்றேன் என்றா? அதுவும் அந்தக் கடைக்கு நீ போ என்று நானே அனுப்பினேன் என்றா? பதினெட்டு வருஷமாக அந்தப் பிள்ளைக்கு நான்தான் நல்லது கெட்டது சொல்லி வருகிறேன். தவிர, தையில் வண்டியை மாற்றிவிடுவான். இன்னும் இரண்டரை மாதம். பைய ஓட்டுகிறவன்தான்.

நவம்பர் 3, ஞாயிறு

மழை. குரங்கணிப் பக்கம் மலையே தெரியவில்லை. காலையில் சுருளிக்கு ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. பத்தரைக்கு அவனே கூப்பிட்டான். மலை ஏறிக்கொண்டிருந்தானாம்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல. காத்து சரியா இருக்கான்னு பாத்துக்க."

நவம்பர் 5, செவ்வாய்

மழை. நான்கு வீடு. காலையும் மாலையும் சுருளிக்கு ஃபோன். "என்னங்க புதுசா எந்தம்பி மேல பாசம் பொங்குது?" என்கிறாள் அமுதவல்லி.

நவம்பர் 8, வெள்ளி

மலை மேலே அமுதவல்லியின் சித்தி மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. சுருளியின் மனைவி நாளையே பஸ்ஸில் போகிறாள். ஞாயிறு காலை சுருளி போகும்போது அவன் பின்னால் அமுதவல்லி போகிறாளாம். என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டார்கள்.

"பஸ்ல போ."

"ரெண்டு தாம்பாளம் வளையல், பழம், அஞ்சு வகைச் சோறு. இதத் தூக்கிக்கிட்டு பஸ்லயா? வண்டி வாசலுக்கே போயிரும்."

"நான் கூட்டிட்டுப் போறேன்."

"ஞாயித்துக்கிழமை மூணு வீட்டு வேலைய ஒத்துக்கிட்டது யாரு? நீங்க ஒருநா வேலைய விட்டுட்டு வருவீங்களா? ஊரு சிரிக்கும்."

உண்மைதான். இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஒரு விசேஷத்துக்கும் முழு நாள் போனதில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்கு சுருளி வந்தான். அமுதவல்லி தாம்பாளத்தைத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். தூறல். இரண்டு பேர் கனத்தில் பின் டயர் அமுங்கியது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையை ஆட்டினாள், நானும் ஆட்டினேன்.

பிறகு புதூரில் முதல் வீட்டுக்குப் போனேன். மிஷினைத் திறந்து ஃபில்டரை வெளியே எடுத்தேன். சேறு மாதிரி இருந்தது. மாற்ற வேண்டும் என்றேன். அந்த அக்கா வழக்கமாக எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னார்.

"இன்னும் ஆறு மாசம் ஓடட்டுமே தம்பி. தண்ணி நல்லாத்தான வருது?"

இதற்கு நான் சொல்கிற பதில் ஒன்று உண்டு. பன்னிரண்டு வருஷமாக வீட்டுக்கு வீடு சொல்வது. வாய் அதுவாகச் சொல்லிவிட்டது.

"பாக்க நல்லாத்தாங்க்கா தெரியும். உள்ள என்ன இருக்குன்னு எனக்குத்தான தெரியும்."

சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த அக்கா, "என்ன தம்பி, மயக்கம் கியக்கம் வருதா?" என்று கேட்டார்.

மிஷினைத் திறந்தபடியே போட்டுவிட்டுக் கிளம்பினேன். சுருளிக்கு ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. அமுதவல்லியின் ஃபோன் வீட்டிலேயே சார்ஜில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். மழை வலுத்துவிட்டது. பிரேக்கை மிதிக்காமல் ஓட்டுகிறவன் நான், இன்று எத்தனை முறை மிதித்தேன் என்று கணக்கில்லை. வழியில் எங்கேயாவது கூட்டமாக நின்றால் வண்டியை மெதுவாக்கி எட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் நின்றிருந்தார்கள். பள்ளத்தில் இறங்கிய ஆட்டோ. ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை.

முந்தல் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில், மலை தொடங்குகிற இடத்தில், டீக்கடைக் கூரைக்குக் கீழே இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். மழை குறையட்டும் என்று ஆளுக்கொரு டீ. ஒரு வளைவுகூட ஏறியிருக்கவில்லை.

வண்டியை நிறுத்தினேன். எனக்கு அழுகை வந்தது, மழையில் நனைந்திருந்ததால் தெரிந்திருக்காது.

"என்ன மாமா, நீங்களும் வர்றீங்களா?"

"என் வண்டிய எடுத்துக்கிட்டுப் போங்க. உன் வண்டியில பின்னாடி ஏதோ சத்தம். பேரிங்கு போயிருக்கும். காலையிலயே கேட்டுச்சு."

"எனக்குக் கேக்கலையே."

"எனக்குக் கேட்டுச்சுடா. போ."

அமுதவல்லி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வேலைய விட்டுட்டா வந்தீங்க?" என்றாள். சாவியை மாற்றிக்கொண்டோம். என் வண்டியில் அவர்கள் மேலே போனார்கள். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

அவர்கள் போனபின் குனிந்து பார்த்தேன். இடது பக்கம் எலுமிச்சம்பழ அளவுக்கு உப்பியிருந்தது. பாலிஷ் வெடித்து நூல் வெளியே தெரிந்தது. அந்தக் கீறல் நகக்கண் அளவும் இல்லை, விரற்கடையும் இல்லை. சுண்டுவிரல் நீளம். நான் விற்ற அன்றைக்கே சுண்டுவிரல் நீளம்தான். நூலும் அன்றைக்கே தெரிந்தது. அதனால்தான் பாலிஷ்.

டீக்கடைக்காரரிடம் சொல்லி வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கழற்றினேன். போடி பஸ், பிறகு தேனி பஸ். இரண்டிலும் லக்கேஜ் டிக்கெட் நானே கேட்டு வாங்கினேன்.

மொக்கராசு டயரைப் பிரித்ததும் உள்ளேயிருந்த ட்யூப் துண்டு கையோடு வந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லண்ணே."

"சொல்லியிருக்கலாம்."

"நானும் உள்ள கையவிட்டுப் பாத்திருக்கணும். ஒங்க பேச்ச நம்பிட்டேன்." புது டயரை எடுத்து வைத்தார். நான்கு எண்ணை நான் பார்க்கவில்லை. இரண்டாயிரம் கொடுத்தேன். "பழசப் போடுங்க, நூறாச்சும் கழிக்கிறேன்" என்றார்.

அவரிடமே ஆக்ஸா பிளேடு வாங்கி டயரைக் குறுக்கே அறுத்தேன். ஓரத்தில் கம்பி இருக்கும், லேசில் அறுபடாது. அரைமணி நேரம் ஆனது. அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, உதவிக்கும் வரவில்லை.

மறுபடி பஸ், மறுபடி முந்தல், மாட்டி ஓட்டி வீடு வந்தபோது மணி நான்கு.

ஐந்தரைக்கு இருவரும் வந்தார்கள். அமுதவல்லி கை நிறைய வளையல். சுருளி தன் வண்டியைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தான்.

"பேரிங்குன்னீங்க. டயரே புதுசா இருக்கு?"

"பழசு சரியில்ல மாப்ள."

"அது எப்படி மாமா சரியில்லாமப் போகும்? அது ஒங்க டயருல்ல?"

நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

"மூணு டயர் காட்டுனாரு மாமா. ஒண்ணுல இதவிடப் பள்ளம் சாஸ்தி. இதப் பொரட்டுனா மூணு புள்ளி. மாமா டயருன்னா கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்னு எடுத்தேன். குறை ஏதும் இருந்தா மாமா வித்தே இருக்க மாட்டாருல்ல?" சிரித்தான். "ஒங்கட்ட சொன்னா, எங்கிட்டயே ஓசியில வாங்கியிருக்கலாமேடா கூறுகெட்டவனேன்னு ஏசுவீங்க. அதான் சொல்லல."

அமுதவல்லி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அதுல காயம் இருந்துச்சு சுருளி" என்றேன். "பக்கவாட்டுல. நான் பசை வச்சு மறைச்சு வித்தேன்."

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. "விக்கும்போதே தெரியுமா?"

"தெரியும்."

"நான் போட்டிருக்கேன்னு?"

"தீபாவளிக்கு முந்துன ஞாயிறு பாத்தேன்."

அவன் மனதுக்குள் எண்ணினான். உதடு அசைந்தது.

"பதினாலு நாளு" என்றான்.

அமுதவல்லி கொண்டுவந்து வைத்த காபியில் பாதியைக் குடித்தான். சாவியை எடுத்துக்கொண்டான். "வர்றேங்க்கா" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அமுதவல்லி நலம்.

நவம்பர் 11, திங்கள்

புதூர் அக்கா வீட்டு மிஷினை முடித்துக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. வீட்டில் அமுதவல்லி சோறு போட்டாள், பேச்சு இல்லை.

நவம்பர் 12, செவ்வாய்

பேச்சு இல்லை.

நவம்பர் 13, புதன்

சாப்பிடும்போது அமுதவல்லியே கேட்டாள். "காயத்தச் சொல்லியிருந்தா எம்புட்டுக் கொறச்சிருப்பாரு?"

"முந்நூறு."

"முந்நூறு ரூவா." குழம்பை ஊற்றினாள். "அன்னைக்கு மேல போகும்போது ஒவ்வொரு வளைவுலயும் அவங்கிட்டச் சொல்லிக்கிட்டே போனேன். பாத்தியாடா, எம்புருசன் எனக்காக வேலைய விட்டுட்டு ஓடி வந்திருக்காருன்னு."

அதற்குமேல் என்னால் சாப்பிட முடியவில்லை. கையைக் கழுவினேன்.

நவம்பர் 15, வெள்ளி

சுருளிக்கு ஃபோன் செய்தேன். எடுத்தான். "ஸ்டோர்ல இருக்கேன் மாமா, அப்புறம் பேசுறேன்" என்றான். மாமா என்றுதான் சொன்னான்.

நவம்பர் 17, ஞாயிறு

மழை விட்டிருந்தது. காலை பத்து மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம். சுருளி. உள்ளே வரவில்லை.

"முன் டயரையும் ஒருக்காப் பாருங்க மாமா. பாத்துட்டு உள்ளதச் சொல்லுங்க."

உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் விரலால் தடவினேன், காயம் இல்லை. நாணயத்தைக் கோட்டுக்குள் விட்டேன். கொஞ்சம் நின்றது. ஊருக்குள் என்றால் இன்னும் மூவாயிரம் கிலோமீட்டர் தாராளமாக ஓடும். அது வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"காயம் இல்ல. ஆனா மலைக்கு ஆகாது. மாத்தணும்."

"புதுசா?"

"புதுசுதான்."

சரி என்றான். வண்டியிலிருந்து இறங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தான். என் கையிலிருந்த நாணயத்தை வாங்கி, தானே ஒவ்வொரு கோட்டிலும் விட்டுப் பார்த்தான். பிறகு இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தான். அவன் பார்த்து முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.